தந்தையிழை

"பொண்ணுன்னா இந்தக் குறை இவரோட போயிருங்க அத்தை. பையன்தான் வேணும்னா, அவனும் ஒரு நாள் இதே மாதிரி நிக்கோணும்."

மகிழ்மதியின் குரல் எதிர்வீட்டு மாடிவரை கேட்டது. நாங்கள் துணி எடுக்க வந்திருந்தோம். துணி இன்னும் காயவில்லை என்பது வேறு விஷயம்.

மாமியார் சௌமியா விடவில்லை. குலதெய்வக் கோயிலுக்கு வரி கட்டும் குடும்பங்களின் தலைக்கட்டுப் பட்டியலில் ஆண் பெயர்தான் ஏறும், பெண்ணை வைத்து என்ன செய்வது என்று கத்தினாள்.

தெருவே அறிந்த சங்கதிதான். அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் தந்தையிழையில், அதாவது ஒய் குரோமோசோமில், விந்து உண்டாக்கும் துண்டு அவள் புருஷன் ஆதிரனுக்கு இல்லை. ஆனாலும் விந்துதேடி இயந்திரம் அவன் விரையிலிருந்து எடுத்த சதைத் துணுக்கை நாள்கணக்கில் துழாவி, இரண்டு அணுக்களை எடுத்துவிட்டது. இரண்டும் கருவாயின. ஒன்று ஆண், ஒன்று பெண். ஒன்றைத்தான் வயிற்றில் வைப்பார்கள்.

மாமனார் பிரவீண் மகனைப் பார்த்துச் சொன்னார்: "அன்னிக்கு எங்களுக்கும் ரெண்டு கரு இருந்துச்சு கண்ணு. எனக்கிருக்கற இதே குறை பையனுக்கும் வரும்னு டாக்டரம்மா சொன்னாங்க. நாங்கதான் பொண்ணு வேண்டாம்னுட்டோம்."

எங்களுக்கே ஒருமாதிரியாகிவிட்டது.

பெற்றவர்களை ஆதிரன் திட்டுவான் என்று காத்திருந்தோம். அவன் மனைவியிடம்தான் பேசினான். "பையன் வேண்டாம்னா, நான் பொறந்திருக்கவே வேண்டாம்னு ஆயிருது மகி."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு ஆஸ்பத்திரி அனுப்பிய சம்மதப் பலகையில் ஆண் கருவுக்கு நேராகக் கைரேகை வைத்தாள். சௌமியா தெருவுக்கே மைசூர்பாகு கொடுத்தாள். நாங்களும் தின்றோம்.

பிறந்தவன் நித்திலன். அவனுக்குக் கல்யாணப் பேச்சு தொடங்கிய வருடம், ஆதிரனே அவனை விந்துதேடியிடம் அழைத்துப்போனான். நான்கு நாள் துழாவி இயந்திரம் ஒரே ஒரு அணுவை எடுத்தது. அது தந்தையிழை ஏறிய ஆண் அணு. பத்திரப்படுத்தவா என்று கேட்டார்கள்.

"இவன் வேண்டாங்கப்பா," என்றான் நித்திலன், மெதுவாகத்தான். "தெரிஞ்சே இன்னொருத்தனக் கொண்டாந்து இங்க உக்கார வைக்க மாட்டேன்."

ஆதிரன் அதற்குப் பிறகு பத்து நாள் வாசலுக்கே வரவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

தலைக்கட்டுப் பட்டியலில் அந்த வீட்டின் கடைசிப் பெயர் நித்திலன். பெயருக்கு உரியவனோ, புருஷனை இழந்த பூவிழியைக் கட்டிக்கொண்டு ஒசூர் போய்விட்டான். அவளுக்கு இரண்டு பெண்கள். அப்பா என்றுதான் கூப்பிடுகிறார்களாம்.