ஆனி பிறக்கும் வரை

ஆவுடையப்பனின் மணிக்கட்டில் நாடிக்காப்பு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாலும் மனிதரின் நாடி சீராகத்தான் இருந்தது. கட்டிலருகே நின்ற இளைய மகன் கோமதிநாயகத்துக்குத்தான் வியர்த்தது.

காப்பு தினமும் விடியலில் உடல்நிலை அறிக்கை அனுப்பும். பிள்ளைகளில் ஒருவர் தம் ரகசிய எண்ணைப் போட்டு அதைத் திறந்தாக வேண்டும். எந்தப் போனிலிருந்து என்று காப்பு கேட்காது. திறக்காத பிள்ளையின் பெயர் தெருமுனைத் திரையில் நாள் முழுக்க ஓடும். அதற்குப் பயந்தே ஊரில் பாதிப் பேருக்குப் பெற்றவர்மேல் பாசம் பொங்கியது.

அண்ணனும் தம்பியும் மாதம் மாற்றி மாதம் முறை வைத்துக்கொண்டார்கள். அண்ணன் செண்பகராமன் சித்திரை, ஆனி என்று கணக்கிட்டான்; கோமதிநாயகம் மே, ஜூலை என்று. மே முப்பத்தொன்றோடு தம்பி கைகழுவினான். ஆனி பிறக்கட்டும் என்று அண்ணன் இருந்தான். நடுவே இரண்டு வாரம் அப்பாவைக் கேட்க நாதியில்லை. ஜூன் ஒன்பதாம் தேதி அவர் குளியலறையில் விழுந்தார்.

முதியோர் நல அலுவலர் செல்வமேரி பதிவேட்டைக் காட்டினார். “அன்னிக்குக் காலையிலேயே காப்பு சிவப்புக் காட்டியிருக்கு. அஞ்சு பத்துக்கு உங்க எண்ணைப் போட்டுத் திறந்திருக்கீங்க. பாத்துட்டு ஏன் சும்மா இருந்தீங்க?”

ஜூன் ஒன்று முதல் தினமும் ஐந்து பத்து. கோமதிநாயகம் எட்டு மணிக்கு முன் எழுந்ததே இல்லை. அவனுடைய ரகசிய எண் அவன் பிறந்த தேதி. அது தெரிந்த, அந்நேரத்தில் விழித்திருக்கும் ஒரே ஆள் கட்டிலில் கிடந்தார். மகன் பெயர் தெருவில் ஓடக் கூடாதென்று தன் அறிக்கையைத் தானே திறந்து மூடியிருக்கிறார்.

‘நான் திறக்கவில்லை’ என்று சொல்ல வாயெடுத்தான். அப்பா முந்திக்கொண்டார்.

“அவன் சும்மா இருக்கலம்மா,” என்றார் ஆவுடையப்பன். “உடனே போன் அடிச்சான். டாக்டரைப் பாருங்கப்பான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னான். நாந்தான் கேக்கல.”

செல்வமேரி காப்பைக் கவனித்தார். பொய் சொன்னால் நாடி துள்ளும், பச்சை மஞ்சளாகும். பச்சை மாறவில்லை. அவர் விசாரணைப் பட்டியலிலிருந்து கோமதிநாயகத்தின் பெயரை அடித்துவிட்டுப் போனார்.

கோமதிநாயகம் அந்தப் பச்சையையே பார்த்தான். புதுப் பொய்க்குத்தான் நாடி துள்ளும். ‘பிள்ளைகள் எப்படிப் பார்க்கிறார்கள்?’ என்று கேட்டவர்களுக்கெல்லாம் இத்தனை வருடமாக அப்பா சொல்லிவந்த பதில் அது. காப்பும் அதற்குப் பழகிவிட்டது.

ஆவுடையப்பன் தலையணைக்கடியிலிருந்த தன் போனை எடுத்து, கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டார்.

“ஆனி பொறக்க இன்னும் மூணு நாளு கெடக்குல்லா,” என்றார். “நீ கெளம்புல. நான் பாத்துக்கிடுதேன்.”