நாலாம் நம்பருக்கு மூன்று மணி நேரம்

விபத்து நடந்து பதினாறாம் நாள், சார்ஜிங் ஷெட்டைத் திறக்கச் சொல்லி இன்ஜினியர் ஆள் அனுப்பினார். காலை எட்டு மணிக்குப் போனேன். மார்கழி மாதம். மேல்மலையில் வெயில் பத்து மணிக்குத்தான் எட்டிப் பார்க்கும். சில நாள் அதுவும் இல்லை. பூட்டு ஈரத்தில் இறுகியிருந்தது. இரண்டு முறை திருகிய பிறகு திறந்தது.

உள்ளே அமில வாடை. பதினாறு நாள் அடைத்துக் கிடந்ததில் கெட்டித்துப்போய்த் தொண்டையைப் பிடித்தது. ஜன்னல்களைத் திறந்தேன். வாடை வெளியே போவதற்கு முன் பனிமூட்டம் உள்ளே வந்தது. ஒன்று, இரண்டு, மூன்றாம் நம்பர் இன்ஜின்கள் தத்தம் இடத்தில் நின்றன. நான்காம் இடம் காலி. அதன் கேபிள் சுவர்க் கொக்கியில் சுருண்டு தொங்கியது.

அது 1964. கொடைக்கானலுக்கு மேற்கே ஓர் ஓடையின் தண்ணீரை மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோக ஒரு கம்பெனி சுரங்கம் வெட்டியது. சுரங்கத்துக்குள் டீசல் வண்டி ஓட்டினால் புகையே ஆளைக் கொன்றுவிடும். அதனால் கல்லும் மண்ணும் இழுக்க நான்கு பேட்டரி இன்ஜின்கள். வெளியே வரும் இன்ஜினை ஷெட்டில் நிறுத்தி, கேபிளைச் சொருகி, எட்டு மணி நேரம் சார்ஜ் ஏற்றி அனுப்புவது என் வேலை. நான் மதுரையில் பி.எஸ்ஸி. படித்தவன். ஆட்கள் என்னைக் கரண்டு சார் என்பார்கள்.

வெறும் பேட்டரியைச் சொருகினால் மீட்டரின் முள் அறுபதில் நிற்கும். நிறைய நிறைய முள் இறங்கும். எட்டுக்கு வந்து நின்றுவிட்டால் பேட்டரி நிறைந்துவிட்டது. அப்போது ஹைட்ரோமீட்டரை அமிலத்தில் விட்டுப் பார்த்து, அளவை ரிஜிஸ்தரில் எழுதி, கையெழுத்துப் போட்டு, கேபிளைக் கழற்ற வேண்டும். என்னைத் தவிர வேறு யாரும் கழற்றக் கூடாது.

விபத்தன்று நான்காம் நம்பரைக் காலை ஆறு மணிக்குச் சொருகினேன். பதினொரு மணிக்குக் கம்பெனி ஜீப் கொடைக்கானலுக்குக் கிளம்பியது. மறுநாள் பழனியில் என் மனைவி தமயந்தியின் முதல் வருஷத் திவசம். அந்த ஜீப்பை விட்டால் கொடைக்கானலில் பஸ்ஸைப் பிடிக்க வேறு வழி இல்லை. ஐந்து மணி நேரத்திலேயே கேபிளைக் கழற்றினேன். முள் முப்பதில் இருந்தது. சொருகியது விடியற்காலை மூன்று மணி என்று எழுதினேன். ஹைட்ரோமீட்டரை எடுக்கவே இல்லை. நிறைந்த பேட்டரி காட்டும் 1260 என்ற எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வத்தலகுண்டுக்கு இறங்கும் மலைப்பாதையில் பஸ் நின்றுவிட்டது. இரவு முழுக்க ரோட்டோரம். பழனிக்குப் போய்ச் சேர்ந்தபோது மறுநாள் மாலை. சண்முக நதிக்கரையில் யாரும் இல்லை. திவசம் நடக்கவில்லை.

நான் ரோட்டோரம் உட்கார்ந்திருந்த அந்த ராத்திரிதான் சுரங்கத்தின் கூரை விழுந்தது. நான்காம் நம்பரும் அதன் டிரைவர் ராமரும் உள்ளே. பத்து நாள் தோண்டினார்கள். மேலும் விழுந்தது. விழுந்த இடத்துக்கு முன்னால் சுவர் எழுப்பி அடைத்துவிட்டார்கள்.

ஒன்பது மணிக்குப் போர்மேன் பொன்னுச்சாமி வந்தார். கூடவே இரண்டாம் நம்பர் டிரைவர் செல்லப்பாண்டி.

"என்ன கரண்டு சார், நீங்களும் பேட்டரி மாதிரி வத்திப் போய்ட்டீக. சாப்பிடுறீகளா இல்லையா?"

"சாப்பிடுகிறேன்."

"ஏண்ணே, வந்ததும் ஆரம்பிக்காத" என்றான் செல்லப்பாண்டி. கண்ணால் வாசலைக் காட்டினான்.

வாசலில் கிடந்த தண்டவாளக் கட்டையில் வேலுத்தாய் உட்கார்ந்திருந்தாள். ராமரின் மனைவி. பக்கத்து மலையூர்ப் பெண். பூண்டுக் காட்டில் வேலை செய்த கைகள். பதினைந்து நாளாக ஒவ்வொருவரையும் நிறுத்தி ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"சார், ஷிப்டு ஆளுக அம்புட்டுப் பேரும் வெளிய வந்துட்டாக. அவுக மட்டும் ஏன் வரல?"

"முன்னால நடங்கடா, கடைசி லோடோட வாரேன்னு சொன்னான்" என்றான் செல்லப்பாண்டி. "அரை மணி நேரம் காத்துக் கெடந்தோம் மதினி. அப்புறந்தான் விழுந்துச்சு."

"அந்த அரை மணி நேரமா உள்ள என்ன பண்ணாக?"

பொன்னுச்சாமி தலையைச் சொறிந்தார். "வண்டியில கோளாறு இல்ல தாயி. சார்ஜ் புல்லுனு ரிஜிஸ்தர்ல இருக்கு. இன்ஜினியர் எழுதிட்டாரு. தண்ணியப் போட்டுட்டுக் கண்ணசந்திருப்பான்னு."

"மால போட்டிருந்தாக அண்ணே. தைப்பூசத்துக்கு நடக்கணும்னு. குடிச்சாகன்னு சொல்ற வாயி அழுகிப் போகும்." அவள் என் பக்கம் திரும்பினாள். "இன்னிக்குச் சாயங்காலம் காரியம். தாலிய எறக்குறாக. குடிச்சுச் செத்தவனுக்கு எறக்குறதா, வேற எதுக்காச்சும் செத்தவனுக்கு எறக்குறதான்னு எனக்குத் தெரிஞ்சாகணும் சார்."

எனக்குத் தெரியும். சார்ஜ் தீர்ந்து இன்ஜின் நின்றிருக்கும். நின்றுபோன இன்ஜினை டிரைவர் விட்டுவிட்டு வரக் கூடாது. இருட்டில் அடுத்த வண்டி வந்து மோதிவிடும். சிவப்பு விளக்கோடு பக்கத்திலேயே நிற்க வேண்டும். ராமர் நின்றிருக்கிறார்.

நான் உள்ளே திரும்பிப் போய் மூன்றாம் நம்பரின் கேபிளைத் துடைத்தேன்.

பதினொரு மணிக்குச் செல்லப்பாண்டிதான் முதலில் பார்த்தான்.

"சார். நாலாம் நம்பரு மீட்டரு."

முள் முப்பதில் நின்றது.

கேபிளைப் பார்த்தேன். கொக்கியில்தான் தொங்கியது. அதன் முனை காற்றில் இருந்தது.

"பனி எறங்கி மீட்டரு கிறுக்குப் பிடிச்சிருக்கும்" என்றார் பொன்னுச்சாமி.

நான்காம் நம்பரின் ஸ்விட்சை இழுத்து அணைத்தேன். முள் இறங்கவில்லை. மீட்டரைக் கழற்றி, ஒன்றாம் நம்பரின் மீட்டரை அந்த இடத்தில் வைத்தேன். அதுவும் முப்பது காட்டியது. கேபிளைத் தொட்டேன்.

சூடாக இருந்தது. சார்ஜ் ஏறும்போது இருக்கிற சூடு.

பொன்னுச்சாமியும் தொட்டார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "எனக்கு ஸ்டோர்ல சோலி கெடக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தார். பத்து அடி தாண்டியதும் ஓடினார்.

"இது எப்ப சார் முடியும்?" செல்லப்பாண்டியின் குரல் இறங்கிவிட்டிருந்தது.

வெறும் பேட்டரி என்றால் அறுபதில் ஆரம்பித்திருக்கும். இது முப்பதில் ஆரம்பித்தது. நான் எங்கே நிறுத்தினேனோ அங்கே.

"இரண்டு மணிக்கு" என்றேன்.

பன்னிரண்டு மணிக்கு முள் இருபத்து நான்கு.

பனிமூட்டம் ஷெட்டின் வாசல்வரை வந்து அப்பிக்கொண்டது. சுரங்கத்தின் வாய் முப்பது அடி தூரம்தான். அது தெரியவில்லை. அங்கிருந்து வருகிற ஈரக் காற்று மட்டும் கணுக்காலில் பட்டது.

ஒரு மணிக்குப் பதினைந்து.

அப்போது அந்தச் சத்தம் தொடங்கியது. பேட்டரி நிறையும் நேரத்தில் அமிலம் குமிழிடும். சின்னச் சின்னக் குமிழ்கள், நூற்றுக்கணக்கில். எனக்குப் பழகிய சத்தம்.

நான்காம் இடத்திலிருந்து வந்தது.

அங்கே ஒன்றும் இல்லை. ஈரத் தரையும் இரண்டு தண்டவாளமும்தான். அமில வாடை அங்கிருந்து புதிதாகக் கிளம்பியது.

வேலுத்தாய் உள்ளே வந்தாள். "என்ன சார், சோறு கொதிக்கிற மாதிரி?"

செல்லப்பாண்டி சுவரோடு ஒட்டி நின்றான். அவள் காலி இடத்தைப் பார்த்தாள். கேபிளைப் பார்த்தாள். பிறகு என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

இரண்டு மணிக்குக் கால் மணி இருந்தது. முள் பத்து.

"நான் பாதியில் கழற்றினேன்" என்றேன். "அன்றைக்கு. மூன்று மணி நேரம் முன்னாடியே. ரிஜிஸ்தரில் எழுதியது பொய். உள்ளே சார்ஜ் தீர்ந்து வண்டி நின்றிருக்கும். அவர் குடிக்கவில்லை. தூங்கவில்லை. வண்டியை விட்டு வரக் கூடாது என்று நின்றிருக்கிறார்."

அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"மூணு மணி நேரமா?"

"ஆமாம்."

"எதுக்கு சார்?"

"பஸ்ஸுக்கு."

அவள் தலையை ஆட்டினாள். கணக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவள் போல இரண்டு முறை ஆட்டினாள். நான் அறியாமலே கேபிள் பக்கம் நகர்ந்திருக்கிறேன். என் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"தொடாதீக. இன்னிக்காவது நெறய விடுங்க."

மூவரும் நின்றோம்.

ஒன்பது.

எட்டு.

குமிழ்ச் சத்தம் நின்றது.

"இப்பக் கழட்டுங்க சார்" என்று கிசுகிசுத்தாள். "நீங்கதான கழட்டணும்."

கொக்கியிலிருந்து கேபிளின் முனையை எடுத்து இழுத்தேன். வரவில்லை. காற்றில் இருந்த முனை எதிலோ இறுகியிருந்தது. இரண்டு கையாலும் இழுத்தேன். இன்ஜினிலிருந்து கழலும்போது கேட்கிற அதே 'டக்' கேட்டது. கேபிள் கையோடு வந்தது.

முள் பூஜ்யத்தில் விழுந்தது.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. கூரைத் தகரத்தில் நீர் சொட்டியது.

பிறகு தண்டவாளம் அதிர்ந்தது.

மலைக்குள் வெகு ஆழத்தில் சக்கரங்கள் உருளும் சத்தம். மூவாயிரம் அடி உள்ளே, சுவருக்கு அந்தப் பக்கம். அவசரம் இல்லாத ஓட்டம். இன்ஜின் மணி இரண்டு தரம் அடித்தது. வெளியே வருகிறேன் என்பதற்கு அதுதான் அடையாளம்.

"ஆத்தாடி" என்றான் செல்லப்பாண்டி. ஜன்னல் வழியாகக் குதித்துவிட்டான்.

சத்தம் சுவரில் நிற்கவில்லை. சுரங்கத்தின் வாயைத் தாண்டி வெளியே வந்தது. பனிமூட்டத்தில் ஓர் ஆள் உயரத்துக்கு வழி பிளந்தது. பிளவுக்குள் ஒன்றும் இல்லை. ஈரக் கல்லின் வாடையும், நனைந்த துணியின் வாடையும் எங்களைக் கடந்தன. தண்டவாளம் முடிகிற இடத்திலும் சத்தம் முடியவில்லை. சரிவில், தொழிலாளர்களின் லைன் வீடுகள் பக்கம், அது இறங்கிக்கொண்டே போனது.

வேலுத்தாய் அதன் பின்னால் நடந்தாள். ஒரு தரமும் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மாலை எல்லாவற்றையும் தாளில் எழுதி இன்ஜினியரிடம் கொடுத்தேன். மீட்டர் விஷயத்தை மட்டும் எழுதவில்லை. அவர் படித்தார். ராமரைப் பற்றி எழுதியிருந்த காகிதத்தை எடுத்து, குடித்துத் தூங்கியிருப்பான் என்ற வரியை என் கண் முன்னாலேயே அடித்தார். காலையில் நான் கிளம்பிவிட வேண்டும் என்றார். சரி என்றேன்.

மறுநாள் வெள்ளென லைன் வீடுகளுக்குப் போனேன். அந்த வரி அடிக்கப்பட்டதை அவளிடம் சொல்ல வேண்டும். முற்றத்தில் காரியத்துக்குப் போட்ட பந்தல் பிரிந்து கிடந்தது. உறவுக்காரர்கள் யாரையும் காணோம். கதவு பாதி திறந்திருந்தது. வேலுத்தாய் நிலைப்படியில் வந்து நின்றாள். கழுத்தில் தாலி இருந்தது.

"உன் வீட்டுக்காரர் மேல் தப்பு இல்லை என்று எழுதிவிட்டார்கள்."

"மெதுவாப் பேசுங்க சார்" என்றாள். "இப்பத்தான் கண்ணசந்தாக."

அவளுக்குப் பின்னால் இருட்டு. அதற்குள்ளிருந்து ஒரு மனிதர் இருமினார். கல்தூசி ஏறிய நெஞ்சின் இருமல்.

நான் ஒரு படி இறங்கினேன்.

"அவுகளுக்கு உங்க மேல கோவம் இல்ல" என்றாள். குரலில் பயம் இருந்தது. ஆனால் அந்தப் பயத்தை அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டாள் என்றும் தெரிந்தது. "ஒண்ணு மட்டும் சொல்லச் சொன்னாக. வார வழியில, சுரங்கத்துக்குள்ள, ஒரு பொம்பள நின்னுக்கிட்டு இருந்தாகளாம். எங்க போகணும் தாயின்னு இவுக கேட்டாகளாம். அந்தப் பொம்பள உங்க பேரச் சொன்னாகளாம். ஒரு வருசமாப் பசின்னாகளாம்."

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏத்திக்கிட்டு வந்துட்டாக. உங்க குவார்ட்டர்ஸ் பக்கம் எறக்கி விட்டாகளாம். வெரசாப் போங்க சார்."

கதவைச் சாத்திக்கொண்டாள்.

குவார்ட்டர்ஸுக்கு நடந்தேன். ஓடவில்லை. வழியில் யாரும் எதிர்ப்படவில்லை. காலையில் கிளம்பும்போது நானே பூட்டிய பூட்டு, பூட்டியபடியே தொங்கியது. சாவி என் சட்டைப் பையில் இருந்தது. ஜன்னல்கள் சாத்தியிருந்தன.

உள்ளே யாரோ அரிசி களைந்துகொண்டிருந்தார்கள்.