மூன்றாவது சிவப்பு விளக்கு

காலை 8.40. விதவை செனைதா மோந்தோயாவின் சமையலறையில், வடிகட்டியின் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆறு மாதத்தில் மூன்றாவது முறை.

நியூ மெக்சிகோ மலையடிவாரத்தில் பத்தொன்பது வீடுகள் கொண்ட ஊர் அது. கிணற்று நீரில் உப்போடு ஆர்சனிக் என்ற நஞ்சும் உண்டு. பெரிய சுத்திகரிப்பு நிலையம் கட்ட ஊருக்கு வசதி இல்லை. ஆகவே வீட்டுக்கொரு வடிகட்டி வைத்துச் சமாளிக்க மாநில அரசு ஒப்பந்தம் போட்டிருந்தது. விளக்கு சிவந்தால் அன்றே ஆள் போய், உள்ளே நீரை வடிகட்டும் உருளையை மாற்ற வேண்டும். அதற்கு உரிமம் பெற்றவன் எலிசெயோ பாகா.

ஒருவருக்கு ஓராண்டு வரவேண்டிய உருளை, இந்த வீட்டில் மட்டும் இரண்டே மாதத்தில் தீர்ந்தது. எலிசெயோ பழையதையே துடைத்து மாட்டுகிறான் என்று மாநில அதிகாரி கெஸ்லர் முடிவுகட்டிவிட்டார். மதியத்துக்குள் வேறு காரணம் தெரியாவிட்டால் அவன் உரிமம் போகும்.

9.00. மூவர் வந்து இறங்கினார்கள்: கெஸ்லர், எலிசெயோ, தண்ணீர்ச் சங்கச் செயலாளர் ஒஃபேலியா லுசேரோ. ஒஃபேலியா முப்பது வருடம் காவல் நிலையத்தில் தொலைபேசி எடுத்தவள். தட்டுவதற்கு முன்பே செனைதா கதவைத் திறந்தாள்.

"வாங்க, வாங்க. எலிசெயோ, இளைச்சுட்டியேப்பா!"

மேசையில் கோப்பைகள். தட்டு நிறைய ஆறிப்போன சோம்பு பிஸ்கட்.

"உருளை புதுசுதாம்மா. நீங்களே சொல்லுங்க இவர்கிட்ட," என்றான் எலிசெயோ.

செனைதா கோப்பையைத் துடைத்தாள்.

"அக்கா, யாராவது உள்ள வந்து தண்ணி எடுக்கிறாங்களோ? இந்த வீட்டுச் சாவி வேற யார்கிட்ட இருக்கு?" ஒஃபேலியா கேட்டாள்.

"பக்கத்து வீட்டு போர்ஃபிரியோகிட்ட. என் வீட்டுக்காரர் இருந்தப்போ குடுத்தது. அந்தாளோட ஆடு என் போர்வையைத் தின்னதுலேர்ந்து பேச்சே இல்ல."

9.25. வேலிக்கு அப்பால் போர்ஃபிரியோ சீறினான்: "நான் திருடினேனா? என் ஆடுகளுக்கு வடிகட்டின தண்ணியா? காப்பியும் போட்டுத் தரணுமா?"

ஒஃபேலியா ஆடுகளின் தொட்டியைப் பார்த்தாள். விளிம்பெல்லாம் வெள்ளை உப்பு. அவன் மரங்களின் அடியிலும் அதே வெள்ளை. திரும்பும்போது செனைதாவின் பாதாமிப்பழ மரத்தடியில் குனிந்தாள். ஈரமண், கறுப்பாக, ஒரு பொட்டு வெள்ளை இல்லாமல்.

10.05. எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"எலிசெயோ தப்பு பண்ணல. போர்ஃபிரியோவும் இல்ல," என்றாள் ஒஃபேலியா. "நம்ம கிணத்துத் தண்ணி வடிகட்டாம பட்ட இடமெல்லாம் உப்புப் பூக்கும். தொட்டியில பூத்திருக்கு. இந்தப் பாதாமியடியில மட்டும் பூக்கல. அது குடிச்சது வடிகட்டின தண்ணி, வாளி வாளியா."

"யார் ஊத்தினது?" கெஸ்லர் பேனாவை எடுத்தார்.

"இந்த பிஸ்கட்டைப் பிசைஞ்சு, சுட்டு, ஆறவைக்க ரெண்டு மணி நேரமாவது ஆகும். விளக்கு எரிஞ்சது எட்டு நாப்பதுக்கு. இன்னிக்கு எரியும்னு முன்கூட்டியே தெரிஞ்சவங்க ஒருத்தர்தான்." அவள் குரல் தாழ்ந்தது. "ஏன்க்கா?"

செனைதா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விளக்கு சிவந்தா அன்னிக்கே ஆள் வரணும்னு சட்டம். வேற எதுக்கும் யாரும் வர்றதில்ல. சும்மா சாக்கடையில விட மனசு வரல, மரத்துக்கு ஊத்தினேன். இவன் பிழைப்புக்கே உலை வைக்கும்னு தெரியாது. சத்தியமா தெரியாது, எலிசெயோ."

எலிசெயோ தட்டைத் தன் பக்கம் இழுத்தான். பிறகு ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தான்.

கெஸ்லர் அவன்மேல் எழுதியிருந்த தாளைக் கிழித்தார். ஒப்பந்தத்தைப் புரட்டினார். தொண்டையைச் செருமினார்.

"வடிகட்டியைத் தவறாப் பயன்படுத்தின வீட்டை, ஒரு வருஷத்துக்கு வாரம் ஒரு தடவை நேர்ல வந்து சோதிக்கணும். இதுதாம்மா தண்டனை. மாத்த எனக்கு அதிகாரம் இல்ல."

செனைதா சமையல் மேலங்கியின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"எந்தக் கிழமை?" என்றாள்.