உள்ளே வந்த முகவரி

கேமராவைத் திறந்தால் குழந்தைக்குப் பதிலாக 502 வந்தது. வெள்ளைத் திரை, நடுவில் கறுப்பாக மூன்று எண்கள், கேட்டது கிடைக்கவில்லை என்ற பிழைக்குறி, கீழே சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு வட்டம்.

அலுவலகத்தில் அவளுக்குச் சர்வர்காரி என்று பெயர். ஊரார் சர்வரையெல்லாம் நிமிர்த்துகிறவள் சொந்த வீட்டுக் கேமராவிடம் மண்டியிட்டுக் கிடக்கிறாள் என்று தெரிந்தால் வருஷம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்கள். நல்லவேளை, சாப்பாட்டு நேரம், எல்லோரும் கீழே போயிருந்தார்கள். ஏசி முனகிக்கொண்டிருந்தது. யாரோ மூடாமல் விட்டுப்போன டிபன் டப்பாவின் புளித்த வாடை நாற்காலிகளுக்கு நடுவே தேங்கி நின்றது. கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் சர்வர் அறை விசிறிகள் விடாமல் இரைந்துகொண்டிருந்தன. அவள் கணவனுக்குப் போன் போட்டாள்.

"தூங்குறா. சிரப் தீர்ந்துபோச்சு, கடைக்கு வந்திருக்கேன். பத்தே நிமிஷம்."

"காய்ச்சல்ல கெடக்குற பிள்ளைய தனியா விட்டுட்டா வந்தீங்க?"

"பூட்டிட்டுத்தான் வந்தேன். நீ கேமராவுல பாத்துக்க. அதுக்குத்தான மாட்டிவச்சிருக்க."

வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு போனை வைத்தாள். ஐந்து வயதுப் பிள்ளை, நூற்று இரண்டு டிகிரி, வீட்டில் ஒருவரும் இல்லை. இவருக்குப் பத்தே நிமிஷமாம்.

பாப்பாவின் அறை அலமாரிக்குள் இருக்கும் சின்னப் பெட்டியில், கன்டெய்னர் என்கிற ஒரு மென்பொருள் உறைக்குள் கேமரா நிரல் ஓடுகிறது. அதற்கு முன்னால் வாசல் காவலாள் போல ஒரு ப்ராக்ஸி, எல்லாவற்றையும் சுற்றி விபிஎன், அவளும் கணவனும் மட்டும் உள்ளே வரக்கூடிய தனிவழி. பிள்ளையின் படத்தைக் கண்டவன் கம்பெனியில் கொண்டுபோய் வைக்க மனமில்லாமல் அவளே ராப்பகலாக உட்கார்ந்து கட்டியது. விபிஎன் பச்சையாக இருந்தது. கன்டெய்னரும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கோளாறு காவலாளிடம்தான்.

புதிதாகச் சேர்ந்தவர்கள் செய்தால் காதைத் திருகுகிற வேலையை அவளே செய்தாள். விபிஎன்காரர்களைத் தவிர எவரையும் விடாதே என்று காவலாளுக்கு எழுதியிருந்த வரியைச் செயலிழக்க வைத்துவிட்டு, ரெண்டே நிமிஷம், சோதித்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அப்போதும் 502தான். ஆனால் யார் வந்து எதைக் கேட்டார்கள் என்று காவலாள் குறித்துவைக்கும் பதிவேட்டில் வரிகள் ஓடத் தொடங்கின. நொடிக்கு ஒன்று. எங்கோ வெளியிலிருந்து, அவள் அறியாத ஒரு முகவரி. ஒவ்வொரு வரியின் முடிவிலும் 200. கேட்டதைக் கொடுத்துவிட்டேன் என்று பொருள்.

திறந்த வாசலைத் தேடி இணையத்தில் அலையும் நிரல்கள் ஏராளம். அவை வரும், நாலு கதவைத் தட்டும், போய்விடும். இது வேறெதையும் தட்டவில்லை. பாப்பாவின் அறைப் படத்தை மட்டும் கேட்டது. திரும்பத் திரும்ப அதையே.

"எவன்டா நீ," என்று முணுமுணுத்துக்கொண்டே வரியைத் திரும்பப் போட்டாள். பதிவேடு நின்றது. மூச்சு விட்டாள். விரல்கள் ஈரமாக இருந்தன, சுடிதாரில் துடைத்துக்கொண்டாள்.

மீண்டும் ஓடியது.

இப்போது அது விபிஎன்னுக்கு உள்ளேயிருந்து வந்தது. முகவரியின் கடைசி எண் நான்கு. இரண்டு அவளுடையது, மூன்று கணவனுடையது. நான்கு என்று ஒன்றை அவள் உருவாக்கவே இல்லை. விபிஎன் பட்டியலைத் திறந்து பார்த்தாள். இரண்டு பேர்தான். மறுபடி எண்ணினாள். இரண்டு பேர்தான்.

பெற்றவளுக்கு 502. அதற்கு 200, 200, 200.

வாசலைத் திறந்துவிட்டது நான்தானே என்ற நினைப்பு நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. நான்கைத் தடுத்தாள். வரிகள் நின்றன. ஏசியும் நின்றிருந்தது, எப்போது என்று தெரியவில்லை.

ஒரு நொடி. இரண்டு. மூன்று.

127.0.0.1.

அந்த முகவரி அவளுக்குத் தன் கைரேகை மாதிரி. இந்தப் பெட்டியே தன்னிடம் கேட்கும்போது வருகிற முகவரி. வெளியிலிருந்து வரவில்லை. விபிஎன்னிலிருந்தும் வரவில்லை. கேட்பது பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டி அந்த அறையில் இருக்கிறது.

ஒவ்வொரு கதவாக அவள் சாத்தியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் அது உள்பக்கம் நின்றிருக்கிறது.

போனை எடுத்தாள்.

"ஓடுங்க. வீட்டுக்கு ஓடுங்க."

"என்னாச்சும்மா? இன்னும் பில்லு போடல..."

"எல்லாத்தையும் போட்டுட்டு ஓடுங்க. பாப்பாகிட்ட யாரோ இருக்காங்க."

அவர் ஓடத் தொடங்கினார். செருப்பு தரையில் அடிபடும் ஓசை, அவருடைய மூச்சு, யார் மீதோ மோதிக்கொண்ட சத்தம். அப்போது திரையில் 502 மறைந்தது. அவள் எதையும் தொடவில்லை.

படம் வந்தது.

பாப்பாவின் முகம். மிக அருகில். காய்ச்சலில் சிவந்த கன்னம், நெற்றியில் ஒட்டிய முடி, பாதி திறந்த வாய். ஒரு கணம் அழுகையே வந்துவிட்டது அவளுக்கு, பிள்ளை நல்லபடியாகத்தான் இருக்கிறாள் என்று.

பிறகுதான் உறைத்தது. கேமரா இருப்பது அலமாரிக்கு மேலே, எட்டடி உயரத்தில். அங்கிருந்து பார்த்தால் கட்டில் முழுவதும் தெரியும், முகம் இத்தனை பெரிதாகத் தெரியாது. இந்தப் படத்தில் தலையணைக்குப் பின்னால் அலமாரியும் தெரிந்தது. அதன் மேல் கேமராவும் இருந்தது, சிவப்பு விளக்கு எரிய, திரும்பி இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு.

படம் இன்னும் கொஞ்சம் குனிந்தது.

பாப்பா கண் விழித்தாள். நேராகப் பார்த்தாள். பயப்படவில்லை.

"அம்மா," என்றாள் தூக்கக் குரலில். "எப்ப வந்தீங்க?"

"பாப்பா, நான் இல்லடா," என்று இங்கே இவள் கத்தினாள். காலி நாற்காலிகள் கேட்டன. ஸ்பீக்கரில் யாரோ மெதுவாக, செல்லமாக, "ம்" என்றார்கள்.

அது இவளுடைய குரல்.

பாப்பா சிரித்தாள். தூக்கிக்கொள்ளச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டினாள். அந்தச் சின்னக் கைகள் படத்தின் இடப்பக்கமும் வலப்பக்கமும் வந்து, விளிம்பைத் தாண்டி, பின்னால் போய் இறுக்கிக் கோத்துக்கொண்டன.

படத்தில் கட்டில் கீழே இறங்கத் தொடங்கியது.