இரண்டு பிரேக் வண்டியில் ஒரு பாட்டு

சட்டென்று மழை பிடித்துக்கொண்டது. அவளிடம் குடையும் இல்லை, பொறுமையும் இல்லை. தெரு முனையில் நின்ற வெள்ளைக் காரின் முன்கதவைத் திறந்து தொப்பென்று உட்கார்ந்தாள்.

"அண்ணா, எங்கேயும் போக வேண்டாம்... இந்தப் பாட்டை மட்டும் போடுங்க!"

ஸ்டியரிங்கின் முன்னால் இருந்தவன் திரும்பிப் பார்த்தான். "எங்கேயும் போகலைன்னா எதுக்குங்க டாக்ஸி?"

"என்கிட்ட கார் இல்லை. என் பாட்டு காருக்குள்ள எப்படிக் கேக்குதுன்னு தெரியணும். அதான் புக் பண்ணேன்."

"நல்ல யோசனைதான். ஆனா இது டாக்ஸி இல்லை. காலுக்குக் கீழ பாருங்க."

பார்த்தாள். அவள் பக்கத்திலும் ஒரு பிரேக்! தலைக்கு மேலே பார்த்தாள்... அங்கே இரண்டாவதாக ஒரு கண்ணாடி. டிரைவிங் ஸ்கூல் வண்டி! அசடு வழிய வேண்டிய நேரம்தான். ஆனால் அவளா வழிவாள்?

"பரவால்லை. ஸ்பீக்கர் இருக்குல்ல? போடுங்க."

அவன் சிரித்துவிட்டான். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்கக் கண்களை அளப்பதுதான் அவள் வேலை. இதுவரை எந்தக் கண்ணும் அவளை ஒன்றும் செய்ததில்லை. இந்தக் கண்கள் மட்டும் ஏன் உதட்டுக்கு முன்னால் சிரிக்கின்றன?

பாட்டு ஓடியது. அவளே எழுதி, அவளே கிட்டார் வாசித்து, துணி அலமாரிக்குள் கம்பளி தொங்கவிட்டு, வியர்க்க வியர்க்கப் பாடிய பாட்டு. குடைக் கம்பில் கட்டிய மைக். இரைச்சல் வரக்கூடாதென்று பிடுங்கிப் போட்ட ஃப்ரிட்ஜ். அதை மறுபடி மாட்ட மறந்து அண்ணனின் ஐஸ்கிரீம் கரைந்தது வேறு கதை. அந்த அண்ணன்தான் குண்டைத் தூக்கிப் போட்டிருந்தான்: "பாட்டு சூப்பர் வாலு. குரல்தான் எடுபடலை. என் ஃபிரெண்டோட தங்கச்சி நல்லா பாடுவா, ஞாயித்துக்கிழமை வரச் சொல்லவா?"

"அதுக்குள்ள நானே சரி பண்ணிக் காட்டுறேன்" என்று சவால் விட்டிருந்தாள். தன் முதல் பாட்டை இன்னொருத்தி வாயில் கேட்பதா? முடியவே முடியாது!

பாட்டு முடிந்தது. அவன் தாடையைத் தடவினான்.

"கிட்டார் அருமை. பாடுறவங்க... பக்கத்து வீட்டுல நின்னு பாடினாங்களா?"

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "காது இருக்கா உங்களுக்கு? ஒவ்வொரு வார்த்தையும் தெளிவா கேக்குது!"

"உங்களுக்குக் கேக்கும். எழுதினது நீங்கதானே?"

கதவை அறைந்து சாத்திவிட்டு மழையில் இறங்கி நடந்தாள்.

வீட்டில், சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு அதே பாட்டை ஃபோனில் ஓடவிட்டாள். வீம்புக்குத்தான். தண்ணீர்ச் சத்தத்தில் கிட்டார் தாக்குப்பிடித்தது... குரல் காணாமலே போனது. ஹெட்ஃபோனில் கேட்டபோதெல்லாம் விட்டுப்போன வார்த்தைகளை மனசே நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறது. படுபாவி... சரியாத்தான் சொல்லியிருக்கான்!

மறுநாள் டிரைவிங் ஸ்கூலில் போய் நின்றாள்.

"கார் கத்துக்கவா, பாட்டு கேக்கவா?" என்றான்.

"ரெண்டுக்கும்தான், மாஸ்டர்."

அண்ணா மாஸ்டரானதை அவன் கவனித்தான். அவன் கவனித்ததை அவளும் கவனித்தாள்.

தினமும் காலையில் ஒரு வகுப்பு, குரலையும் கிட்டாரையும் கூட்டிக் குறைத்த ஒரு புதுக் கலவை. "கிட்டார் அடியில குமுறுது" என்பான், அன்றிரவே குறைப்பாள். "இன்னும் முன்னால வாங்க" என்பான், குரலை ஏற்றுவாள். கியர் மாற்றும்போதெல்லாம் அந்த இரண்டாவது கண்ணாடியில் இரண்டு கண்கள்... "ரோட்டைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, அவன் எங்கே பார்த்தான் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன!

சனிக்கிழமையும் மழை. வண்டியை ஓரம் கட்டி, கடைசிக் கலவையைப் போட்டாள். அவன் கண்ணை மூடிச் சாய்ந்தான். அவன் உதடுகள் அசைவதையே பார்த்திருந்தவளுக்குப் பாட்டில் கவனமே இல்லை.

"இதுதான்! ஒரு வார்த்தைகூட மறையலை. தைரியமா வெளியிடுங்க."

சந்தோஷமாக ஃபோனை எடுத்தவள் திகைத்தாள். அவள் போட்டது வேறு. ஃபிரெண்டின் தங்கை பாடிப் பழக அண்ணன் கேட்டிருந்த வெறும் கிட்டார்!

"பொய்!" ஃபோனை அவன் முன்னால் நீட்டினாள். "இதுல குரலே இல்லை. இத்தனை நாளும் சொன்னதெல்லாம் என் மனசைக் குளிர வைக்கத்தானா? உங்களை நம்பித்தானே நாளைக்கு அண்ணன் முன்னால நிக்கப் போறேன்!"

அவன் சட்டென்று நிமிர்ந்தான். "சத்தியமா கேட்டுதுங்க... நீங்க மூச்சு எடுக்குற இடம்கூடக் கேட்டுது." மெல்லச் சொன்னான்: "இனிமே என்கிட்ட கேக்காதீங்க. நீங்க பாடவே இல்லைன்னாலும் எனக்குக் கேக்குது. ராத்திரி வீட்டுலயும் கேக்குது. அந்த அளவுக்கு... உங்களைப் பிடிச்சுப் போச்சு."



படாரென்று பின்கதவு திறந்தது. அடுத்த வகுப்புக்கு வந்த ஒரு அக்கா, குடையை உதறிக்கொண்டே ஏறினாள்.  இவள் குரலோடு இருந்த சரியான பாட்டைத் தேடிப் போட்டாள். மழை கூரையில் கொட்டியது, கிட்டார் ஓரமாய் நடந்தது... குரல் நடுவில் வந்து உட்கார்ந்தது.

"யாரும்மா பாடுறது? நல்லாருக்கே!" என்றாள் அக்கா. "'கதவைத் திறந்தே வெச்சிருக்கேன்'னு உருகுறாளே... யாருக்காம் அந்தக் கதவு?"

முதன்முறையாகக் கேட்பவள்! மழைக்கு நடுவிலும் அத்தனை வார்த்தையும் போய்ச் சேர்ந்துவிட்டது. இவள் உடனே அண்ணனைக் கூப்பிட்டாள். "அந்தப் பொண்ணை வர வேண்டாம்னு சொல்லிடு. இது என் பாட்டு, என் குரல்லதான் வரும். வந்து போட்டுக் காட்டுறேன், அப்புறம் பேசு." அண்ணன் பதில் சொல்வதற்குள் ஃபோனை வைத்துவிட்டாள்.

தெம்பாக வண்டியை எடுத்தாள். உறுமியதே தவிர, நகரவில்லை. குலுங்கி அணைந்தது.

"மாஸ்டர்... உங்க பிரேக்கை மிதிச்சுட்டு இருக்கீங்க."

"பயத்துலங்க. நீங்க இன்னும் ஒண்ணும் சொல்லலையே..."

இரண்டாவது கண்ணாடியில் அந்தக் கண்களை நேராகப் பார்த்தாள்.

"அக்கா, கதவு யாருக்குன்னு கேட்டீங்கல்ல? எழுதினப்போ எனக்கே தெரியாது. இதோ, பிரேக்ல காலை வெச்சுட்டு உக்காந்திருக்காரே... இவருக்குத்தான்."