ரோஷன் கூண்டு

கையை உள்ளே விட்டு வெகு நேரமாகியும் ஒரு கொசுகூட வந்து உட்காரவில்லை.

ரோஷன் பேகத்துக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அம்மா மண்டபத்துக்குப் பக்கத்தில், ஆற்றைப் பார்த்தபடி இருந்த யானைக்கால் நோய் ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு உத்தியோகமே கொசுவுக்குச் சோறு போடுவதுதான். ஆளுக்கொரு வலைக்கூண்டு. சாயங்காலமானால் கூண்டின் துணிக்குழாய் வழியே முழங்கை வரை கையை நீட்டிவிட்டு, அதுகள் குடித்து முடிக்கிறவரை ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அவளுடையதற்கு ரோஷன் கூண்டு என்றே பெயர். கணவன் மௌத்தான பிறகு, கொசுக்கடி வாங்கிச் சம்பாதிக்கிறவள் என்று மலைக்கோட்டைத் தெருவே கேலி பேசியது. பேசட்டுமே! கொசுவிடம் கை நீட்டினாளே தவிர, மகள் நசீராவை வளர்க்க மனுஷர் யாரிடமும் நீட்டவில்லை.

அறையில் எப்போதும் போல ஈரச் சாக்கு நாற்றமும் பினாயில் நெடியும், ஜன்னல் வழியே வந்த ஆற்றுப்பாசி வாசமும் கலந்து கிடந்தன; மற்றக் கூண்டுகள் எல்லாம் மெல்லிசாக ரீங்கரித்துக்கொண்டிருக்க, அவளுடையது மட்டும் வாயடைத்துப் போயிருந்தது. கொசுக்கள் அத்தனையும் தெற்குப் பக்க வலையில் அப்பிக் கிடந்தன. கூண்டைத் திருப்பி வைத்தாள். பறக்காமல், நடந்தே, மறுபடி தெற்குப் பக்கம் போய்ச் சேர்ந்தன.

தெற்கே ஜன்னல். ஜன்னலுக்கு அப்பால் காவேரி, அக்கரையில் மலைக்கோட்டை. அதன் அடியில் அவள் வீடு. வீட்டில் நசீரா.

நேற்று தங்கை கமருன்னிசா காய்ச்சலில் படுத்துவிட்டதால், குழந்தையை இங்கே தூக்கி வந்திருந்தாள். சிரித்துக்கொண்டே நசீரா வலைமேல் விரலை வைத்ததும், கொசுக்கள் ரோஷனின் கையை விட்டுவிட்டு அந்த விரலுக்குப் பாய்ந்தன. பதறிப்போய்க் குழந்தையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அதைப் பார்த்த நிலையத்து டாக்டர் தாயுமானவன் கை தட்டாத குறைதான்.

இப்போதும் அவர் கண்கள் பளபளக்க வந்து நின்றார். "தலைமுறை தலைமுறையா உன் ரத்தத்துல வளர்ந்ததுங்க, புள்ளையை அடையாளம் கண்டுக்கிச்சு பாத்தியா! பெரிய கண்டுபிடிப்பும்மா இது. நாளைக்குக் குழந்தையைக் கூட்டிட்டு வா. ஒரே ஒரு தடவை கையை உள்ள விடட்டும். நோயில்லாத கொசுதானே?"

"முடியாதுங்க டாக்டர்."

"வேலை வேணாமா உனக்கு?"

"அதை நீங்களே வெச்சுக்கங்க. என் புள்ளை கொசுவுக்கு இல்ல."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனதும், ஊசிகளைக் கொதிக்க வைக்கும் அடுப்பிலிருந்து வெந்நீர்ச் சட்டியை எடுத்து வந்து கூண்டின் தலையில் கவிழ்த்தாள். நடப்பது நடக்கட்டும் என்று ஆத்திரம். வெந்து விழும்போதுகூட ஒன்றும் பறக்கவில்லை. தெற்கைப் பார்த்தபடியே செத்தன.

அப்போதுதான் துணிக்குழாயின் நாடா கண்ணில் பட்டது. கையை எடுத்ததும் அதைச் சுருக்கிட்டுக் கட்ட வேண்டும். இன்று கையை விடும்போதே அது அவிழ்ந்து தொங்கியது. நேற்று, இடுப்பில் குழந்தையோடு கிளம்பிய அவசரத்தில், கட்டாமலே போயிருக்கிறாள்.

ராத்திரி பூராவும் கூண்டு திறந்து கிடந்திருக்கிறது.

பஸ்ஸில் காவேரிப் பாலம் கடக்கும்போது ஒரு கொசு இல்லை. தெருவில் இல்லை. சாக்கடையோரத்தில்கூட இல்லை. அந்தித் தொழுகைக்கான மஃரிபு பாங்கு சொல்லி முடிந்திருந்தது. கமருன்னிசா வாசலில் காற்றாட உட்கார்ந்திருந்தாள்.

"அதிசயமா இருக்குக்கா. தெருவுலயே இன்னைக்குக் கொசு இல்ல. புகைகூடப் போடல. நசீரா அப்பவே தூங்கிட்டா."

ரோஷன் உள்ளே ஓடினாள்.

காலையில் வெள்ளையாக இருந்த கொசுவலை கறுப்பாக இருந்தது.

சத்தமில்லை. அசைவில்லை. விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். வலை முழுக்கக் கால்கள், இறக்கைகள். அவளுடைய கூண்டிலிருந்து இத்தனை வந்திருக்க முடியாது. தெருவில் இல்லாத கொசுவெல்லாம் இங்கே இருந்தது.

கையை நீட்டினாள். ஒன்றும் திரும்பவில்லை.

வலையைத் தூக்கி உள்ளே நுழைந்து, ஓரத்தைப் பாயின் அடியில் செருகினாள். குழந்தையை மடியில் போட்டு முந்தானையால் மூடினாள். வலையைப் பார்த்துச் சொன்னாள்.

"சோறு போட்டவ நான்டி. பசிச்சா என்னைத் தின்னுங்க. இவளைத் தொட விட மாட்டேன்."

ஜன்னல் வழியே இன்னும் வந்தன. உட்கார்ந்ததன் மேலேயே உட்கார்ந்தன. வலையின் கயிறு முறுகியது. பாரம் தாங்காமல் வலை மெல்லக் கீழே இறங்கி, அவள் தலைமுடியைத் தொட்டது.

நசீரா கண் விழித்தாள். நேற்றுப் போலவே சிரித்தாள். விரலை நீட்டினாள்.

நீட்டிய பக்கம் வலை முழுவதும் உள்நோக்கி உப்பி வந்தது.

ரோஷன் அந்த விரலைத் தன் வாய்க்குள் போட்டு மூடிக்கொண்டு, வலையை முறைத்துப் பார்த்தாள். வலை இறங்கிக்கொண்டே இருந்தது.