அரங்கில் எழுந்த கைதட்டல்

கத்தானியா நகரில் அந்தப் பழைய ரோமானிய அரங்குக்குப் போகிற வழி சாதாரண வீட்டு வாசல் மாதிரிதான் இருக்கும். ஒரு பக்கம் செருப்புக்கடை, மறுபக்கம் பேக்கரி. நடுவில் நுழைந்தால் கறுத்த எரிமலைக் கல் படிகள் வட்டமாக இறங்கும். நவம்பர் மத்தியானம் ஒன்றில் வெனேரா அங்கே வந்து சேர்ந்தாள். கூடவே எட்டு வயது மகள் நெட்டாவும், நாத்தனார் சிரினாவும்.

சிரினா வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என் முட்டிக்கு இந்தப் படியெல்லாம் ஆகாது. பிள்ளையை நான் பாத்துக்கறேன். நீ போய்க் கைதட்டிட்டு வா."

"தட்டினா போயிடுவாரா, அண்ணி?"

"போவான். அவன் ஆசைப்பட்டது அது ஒண்ணுதானே. நீதான் வீம்புக்கு அதையும் குடுக்காம அனுப்பின."

அது பொய்யில்லை. வெனேராவின் கணவன் மெலோ, ஓபரா இசைநாடகங்களில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பாடியவன். தனியாக அவனுக்கென்று யாரும் கைதட்டியதில்லை. சவப்பெட்டி தேவாலய வாசலைத் தாண்டும்போது கைதட்டி வழியனுப்புவது அந்த ஊர் வழக்கம். எப்பேர்ப்பட்ட உதவாக்கரைக்கும் அது உண்டு. மெலோவின் பெட்டி வெளியே வந்தபோது முதலில் கை தூக்கியவள், அவன் ஊரறிய வைத்திருந்த பெண். வெனேராவுக்கு உச்சந்தலைவரை பற்றிக்கொண்டது. உள்ளங்கையை உயர்த்தினாள். தெருவே அடங்கியது. மெலோ ஒரு சத்தமும் இல்லாமல் போய்ச் சேர்ந்தான்.

போய்ச் சேரவில்லை என்பதுதான் இப்போது வினை. அன்றிலிருந்து நெட்டா சரியாகச் சாப்பிடுவதில்லை. சாயங்காலமானால் கதவருகே போய் நிற்பாள். "அப்பா வெளியில நிக்கிறாரு. கைதட்டினாத்தான் போவேங்கிறாரு" என்பாள். பிள்ளையின் கன்னத்தில் எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. புருஷனை வெறுத்ததில் வெனேராவுக்கு வருத்தமே இல்லை. மகளை இழக்க மட்டும் அவளால் முடியாது.

மெலோ தனியாகப் பாடிப் பழகியது இந்த அரங்கில்தான். மகளையும் கூட்டி வருவான். பாடி முடித்ததும் எப்படிக் குனிந்து வணங்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பான்.

உள்ளே ஈ காக்கை இல்லை. கீழே ஆடுகளத்தில் கணுக்கால் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. நகரத்துக்கு அடியில் ஓடும் ஆறு அங்கே எப்போதும் கசியும். பாசியும் ஈரக்கல்லும் சேர்ந்து நாறின. வெனேரா பாதிப் படிகள் இறங்கி, ஆடுகளத்தைப் பார்த்து நின்றாள். பெட்டிக்கு முன் நிற்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டாள்.

தட்டினாள்.

வெறும் இடத்தில் தனியாகத் தட்டுவது அசிங்கமாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தாள்.

பின்னால் யாரோ சேர்ந்து தட்டினார்கள்.

எதிரொலி என்று நினைத்தாள். அவள் கை நின்றது.

அது நிற்கவில்லை.

மேல் படிகளில் தொடங்கி, வரிசை வரிசையாக இறங்கி வந்தது. ஈரக் கைகள் தட்டுகிற சத்தம். அவள் காதோரம் ஒரு ஜோடிக் கை மட்டும், ஒவ்வொரு தட்டுக்கும் 'டிக்' என்றது. மெலோவின் தடித்த மோதிரம் அப்படித்தான் இடிக்கும். மோதிரத்தோடுதான் அவனைப் புதைத்தார்கள்.

கண்ணைத் திறந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை.

கீழே, தண்ணீரின் நடுவில், நெட்டா நின்றுகொண்டிருந்தாள். அப்பா சொல்லிக் கொடுத்தபடி ஒரு கையை மார்பில் வைத்து, குனிந்து வணங்கிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா, எனக்குத் தட்டுறாங்க."

செத்தவனுக்கென்று தட்டத் தொடங்கியவள், பெற்ற பிள்ளையைப் பார்த்துத் தட்டியிருக்கிறாள். படிகளில் விழுந்தடித்து இறங்கி, மகளை மறைத்துக்கொண்டு நின்றாள்.

சத்தம் சட்டென்று நின்றது.

"என்னை எடுத்துக்க, மெலோ" என்று கிசுகிசுத்தாள்.

அவளுக்கு ஒரு கைகூடத் தட்டவில்லை.

நெட்டா அம்மாவின் இடுப்பைச் சுற்றி எட்டிப் பார்த்தாள். கைதட்டல் மறுபடி தொடங்கிவிட்டது.

வெனேரா பிள்ளையை வாரிக்கொண்டு வெளியே ஓடினாள். சிரினா பெஞ்சில் தூங்கிப்போயிருந்தாள். அவள் காதில் ஒன்றும் விழவில்லை.

மறுநாள் காலையில் நெட்டாவுக்குக் காய்ச்சல் கண்டது. அனலாய்க் கொதித்த பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வெனேரா கதவைப் பூட்டினாள். வாசலைத் தாண்டினால் என்ன கேட்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் நெட்டாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியதும் சிரினா பொறுக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டாள். ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள். வெனேரா நிலைப்படியில் இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

"வெளியில கொண்டுபோகாதீங்க."

"பைத்தியமாடி உனக்கு? பிள்ளைக்கு மூச்சு முட்டுது. வழி விடு" என்று சிரினா அவளைப் பிடித்து இழுத்தாள்.

ஸ்ட்ரெச்சர் நிலைப்படியைத் தாண்டியது.

மாடிப்படியில் மேலிருந்து கீழ்வரை கைதட்டல் எழுந்தது. முன்னால் பிடித்திருந்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

"யாருங்க அது, கைதட்டுறது?"

வெனேரா உள்ளங்கையை உயர்த்தினாள். அன்று தேவாலய வாசலில் அந்த ஒரு கைக்கு ஊரே அடங்கியது.

இன்று யாரும் நிறுத்தவில்லை.